ரீஃப் டேங்குக்குக் கால்சியம்: வாங்கும் முன் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

போன மாதம் பினாங்கின் பிறை என்ற ஊரிலிருந்து, ரீஃப் டேங்க், அதாவது வீட்டில் பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கும் ஒரு தம்பி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். "அண்ணே, டேங்கில் கால்சியம் 350க்கு வந்துடுச்சு. எங்க பாட்டியோட வெத்தலைச் சுண்ணாம்பும் கால்சியம்தானே, அதைக் கரைச்சு ஊத்தினா என்ன?" கேட்டுவிட்டுச் சிரித்தார். ஆனால் பாதி நிஜமாகத்தான் கேட்கிறார் என்று குரலிலேயே தெரிந்தது.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. வெற்றிலைச் சுண்ணாம்பு என்பது கால்சியம் ஹைட்ராக்சைடு. ரீஃப் டேங்க் வைப்பவர்கள் கால்க்வாசர் என்று ஜெர்மன் பெயர் சொல்லி நல்ல விலை கொடுத்து வாங்கும் வெள்ளைப் பொடியும் அதே கால்சியம் ஹைட்ராக்சைடுதான். வித்தியாசம் கூட வருவதில் இருக்கிறது. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு டப்பா சுண்ணாம்பு வாங்கினால், அது கிளிஞ்சலைச் சுட்டதா, கல்லைச் சுட்டதா, உள்ளே வேறென்ன கலந்திருக்கிறது என்று டப்பாவில் எழுதியிருக்காது, விற்பவருக்கும் தெரியாது. சில டப்பா இளஞ்சிவப்பாகவே இருக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு பட்டதும் சிவக்கிறதே, அதே வேலை. வெற்றிலையில் ஒரு விரல் நுனி தடவுவதற்கு அது போதும். இரவு பகல் அந்தத் தண்ணீரிலேயே கிடக்கும் பவளத்துக்குப் போதாது.

கால்சியம் ஒருபோதும் தனியாக வராது. கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை மட்டும் அழைக்க முடியுமா, அவர் வீட்டார் பஸ் பிடித்து வந்து இறங்குவார்கள் அல்லவா, அந்த மாதிரி கால்சியத்தோடு குளோரைடோ ஹைட்ராக்சைடோ நைட்ரேட்டோ சிட்ரேட்டோ ஒட்டிக்கொண்டு வரும், அவர்களோடு யாரும் அழைக்காத சிலரும் பஸ்ஸில் ஏறி வந்துவிடுவார்கள். பவளம் கால்சியத்தை எலும்புக்கூடாகக் கட்டிக்கொள்ளும். கூட வந்தவர்கள் டேங்கிலேயே தங்கிவிடுவார்கள். அதனால் "இதில் கால்சியம் எவ்வளவு?" என்பதைவிட "இதில் கால்சியத்தோடு என்ன இருக்கிறது?" என்று கேட்பதுதான் பாதுகாப்பு.

அதற்கும் முன்னால், உங்களுக்குக் கால்சியம் வேண்டுமா என்று பாருங்கள். ஜோவாந்திட், மஷ்ரூம், லெதர் மாதிரி மெத்துப் பவளங்கள் மட்டும் இருந்தால், வாரத்துக்குப் பத்து சதவீதம் தண்ணீரை நல்ல உப்புக் கலவையில் மாற்றினாலே பெரும்பாலும் போதும். மருந்துப் பாட்டிலே வேண்டாம். ஹேமர், மொந்திபோரா, அக்ரோபோரா மாதிரி கல் பவளம், பெரிய சிப்பி, பாறை முழுக்கப் படரும் ஊதா கோரலைன் பாசி இவை இருந்தால்தான் கால்சியம் நாளுக்கு நாள் கண்ணுக்குத் தெரியுமளவு குறையும்.

அந்தத் தம்பியிடம் நான் முதலில் கேட்டது உப்பு எவ்வளவு என்றுதான். அவரிடம் இருந்தது பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர், தண்ணீரின் அடர்த்தியை வைத்து உப்பைக் காட்டும், முள் ஆடும் வகை. "1.025 காட்டுது அண்ணே" என்றார், அது ஏறத்தாழ சரியான அளவுதான். ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கடன் வாங்கி, அதை வெறும் தண்ணீரில் சரிபார்க்காமல் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு அளவுள்ள திரவத்தில் சரிபார்த்துவிட்டுப் பாருங்கள் என்றேன். 29 காட்டியது. இயற்கைக் கடல்நீரில் உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு இருக்கும்போது கால்சியம் லிட்டருக்குச் சுமார் 420 மில்லிகிராம், அதாவது 420 பிபிஎம். உப்பு 29 ஆனால் அதே விகிதத்தில் கால்சியம் 348. அவருடைய 350 அங்கேயிருந்துதான் வந்தது! கால்சியத்தில் ஒரு குறையும் இல்லை, தண்ணீர்தான் நீர்த்துப் போயிருந்தது. சுண்ணாம்பும் வேண்டாம், மருந்தும் வேண்டாம், சில நாட்களில் மெல்ல உப்பை ஏற்றினார், கால்சியமும் தானாக ஏறியது.

உப்பு சரியாக இருந்தும் கால்சியம் குறைகிறது என்றால், ஆல்கலினிட்டியையும் மெக்னீசியத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். ஆல்கலினிட்டி என்பது தண்ணீரில் கரைந்துள்ள கார்பனேட் வகைகளின் இருப்பு, கடையில் எல்லோரும் கே.எச். என்பார்கள், அதன் அலகு டிகேஎச். பவளம் கால்சியம் கார்பனேட்டாகக் கட்டும்போது 20 பிபிஎம் கால்சியத்துக்கு 2.8 டிகேஎச் ஆல்கலினிட்டியை எடுத்துக்கொள்ளும். 420லிருந்து 20 போனால் யாருக்கும் தெரியாது, சோதனை கிட்டின் தவறே அவ்வளவு இருக்கலாம், 8லிருந்து 2.8 போனால் பவளம் வெளுக்க ஆரம்பித்துவிடும். அதனால் தினம் பார்க்க வேண்டியது ஆல்கலினிட்டி, கால்சியம் வாரத்துக்கு ஒரு தடவை போதும். நான் வைத்துக்கொள்ளும் எல்லை: கால்சியம் 400 முதல் 450, ஆல்கலினிட்டி 7.5 முதல் 9, மெக்னீசியம் 1250 முதல் 1350. மெக்னீசியம் 1200க்குக் கீழே போனால் கால்சியத்தையும் ஆல்கலினிட்டியையும் எவ்வளவு ஊற்றினாலும் நிலைக்காது, ஹீட்டரிலும் பம்பிலும் வெள்ளையாகப் படியும். 500 இருந்தால் பவளம் வேகமாக வளரும் என்பது கடைப் பேச்சு, நம்ப வேண்டாம்.

இப்போது பாக்கெட்டைத் திருப்புவோம். பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும், பின்பக்கத்தில் எந்தக் கால்சியம் உப்பு என்று எழுதாத பொருளை நான் வாங்க மாட்டேன்.

ஒதுக்க வேண்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன், நம் வீடுகளில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை அவைதான். மருந்துக் கடைக் கால்சியம் மாத்திரை வேண்டவே வேண்டாம்: கார்பனேட் வகை என்றால் கடல்நீரின் பிஎச் 8க்கு மேல் கரையாது, சிட்ரேட் வகை என்றால் பாக்டீரியாவுக்கு விருந்து, மேலே இனிப்பு, சாயம், வைட்டமின் டி வேறு. பறவைக் கடையில் தொங்கும் கடல் நுரை, முட்டை ஓடு, நொறுக்கிய பவளக் கல் எல்லாம் கால்சியம் கார்பனேட்தான், டேங்கில் போட்டால் அப்படியே கிடக்கும்; கரியமில வாயு விட்டு பிஎச்சை 6.5 பக்கம் இறக்கும் கால்சியம் ரியாக்டருக்குள் மட்டும்தான் பவளக் கல் கரையும். எலும்பு மாவில் பாஸ்பேட், அது பவளத்தின் வளர்ச்சியையே தடுக்கும். ஹைட்ரோபோனிக் கீரை வளர்ப்பவர்கள் வாங்கும் ஏ, பி உரத்தில் ஏ பாட்டிலில் கால்சியம் நைட்ரேட் இருக்கும். கீரைக்கு அமுதம், நமக்குப் பாசி. தவ்ஃபூ என்ற சோயாக் கட்டியை உறைய வைக்கும் ஜிப்சம் கால்சியம் சல்பேட், கொஞ்சம்தான் கரையும், சல்பேட் சேர்ந்துகொண்டே போகும்.

பினாங்கில் இன்னொன்றும் கேட்பார்கள், சுற்றிலும் கடல் இருக்கிறதே, தஞ்சோங் பூங்கா கடற்கரையில் நாலு டின் பிடித்து வந்தால் என்ன என்று. கரையோரத் தண்ணீரில் மழை வந்தால் உப்பு இறங்கும், சேறு, கால்வாய்த் தண்ணீர், படகு எண்ணெய். நான் செய்வதில்லை.

மிஞ்சுவது மூன்று: கால்சியம் குளோரைடு, கால்சியம் ஹைட்ராக்சைடு, பிறகு ஒரே பாட்டிலில் எல்லாம் வரும் கால்சியம் ஃபார்மேட் வகை. கடைசியாகச் சொன்னது சின்ன டேங்குக்கு வசதி, ஃபார்மேட்டை பாக்டீரியா உடைக்கும்போது ஆல்கலினிட்டி பிறக்கும், விலைதான் கொஞ்சம் கூட. அதைப் பற்றி வேறொன்றும் சொல்வதற்கில்லை, லேபிளில் உள்ள அளவைத் தாண்டாதீர்கள். குளோரைடுதான் பெரும்பாலோர் வாங்குவது, ஏமாறுவதும் அங்கேதான்.

கால்சியம் குளோரைடு உணவுச் சேர்க்கையாக ஈ 509 என்ற எண்ணில் உலகம் முழுக்கப் புழங்கும் பொருள். அமெரிக்காவில் பனி உருக்கும் வில்லைகளையே டேங்குக்குக் கரைத்தவர்கள் உண்டு. நமக்குப் பனி இல்லை. ஆனால் அதே குளோரைடு நம் ஊரில் துணி அலமாரிக்குள் வைக்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாவிலும், கொண்டோ நீச்சல் குளத்தில் ஹார்ட்னஸ் ஏற்றக் கொட்டும் மூட்டையிலும் இருக்கிறது. "ரெண்டும் ஒன்றுதானே" என்று தோன்றும். அலமாரி டப்பாவில் வாசனைப் பொருள் சேர்ந்திருக்கலாம். குளத்து மூட்டையை யாரும் செம்புக்கும் அம்மோனியாவுக்கும் சோதித்து விற்பதில்லை. கால்சியம் குளோரைடின் ஒரு பகுதி, சோடா சாம்பல் தயாரிக்கும் சால்வே முறையின் துணைப்பொருளாக வருவது, அந்த முறையில் அம்மோனியா புழங்கும். மீனுக்கு வராத கேடு, சிறிதளவு செம்பினால் இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் வரும்.

ஆகவே உணவுத் தரம் அல்லது லேப் தரம். ஆன்லைனில் வாங்கினால் அந்தக் குறிப்பிட்ட பேட்ச்சின் பகுப்பாய்வுச் சான்றிதழை விற்பவரிடம் கேளுங்கள். கன உலோகம், கரையாத பொருள் இரண்டுக்கும் எண் போட்டிருக்க வேண்டும். கேட்டதும் கோபப்படுகிறவரிடம் வாங்காதீர்கள். அக்வேரியம் பிராண்டு என்றால் விலை கூட, ஆனால் டேங்குக்கென்றே விற்பதால் அந்தத் தலைவலி குறைவு. ஐந்நூறு கிராம் போதும் என்பவர்கள் பிராண்டையே வாங்குங்கள், பத்து ரிங்கிட் மிச்சம் பிடிக்க நூற்றுக்கணக்கான ரிங்கிட் பவளத்தைப் பந்தயம் வைக்க வேண்டாம்.

அடுத்து சதவீதம். 74 முதல் 77 என்று போட்டிருந்தால் அது தண்ணீர் மூலக்கூறு சேர்ந்த டைஹைட்ரேட், எடையில் 27 சதவீதம் கால்சியம். 94க்கு மேல் என்றால் நீரற்ற வகை, சுத்தமானதில் 36 சதவீதம் கால்சியம். டைஹைட்ரேட்டுக்கு எழுதிய கணக்கில் நீரற்றதை அளந்து போட்டால் மூன்றில் ஒரு பங்கு கூடப் போட்டதாகிவிடும்.

நம் ஊரில் இன்னொரு வம்பு, காற்றின் ஈரம். கால்சியம் குளோரைடு ஈரத்தை இழுக்கும், அதனால்தானே அலமாரியில் வைக்கிறோம். ஒரு பாக்கெட்டைப் பிரித்து ரப்பர் பேண்ட் போட்டுக் கிச்சன் கேபினெட்டில் வைத்தேன், நாலு நாளில் வெள்ளை வில்லைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கற்கண்டுக் கட்டி மாதிரி ஆகி, அடியில் பாகு மாதிரி ஒரு திரவம் தேங்கி, பலகையில் ஒழுகி, தொட்டால் விரல் வழுக்கியது. கெட்டுப்போகவில்லை, ஆனால் இனி பத்து கிராம் நிறுத்தால் அதில் எவ்வளவு தண்ணீர் என்று யாருக்குத் தெரியும்? அதனால் பினாங்கில் நான் கடைப்பிடிக்கும் முறை: பாக்கெட்டைப் பிரித்த அன்றே முழுவதையும் கரைத்துப் பாட்டிலில் அடைத்துவிடுவது. திரவமாகிவிட்டால் ஈரம் ஒன்றும் செய்யாது.

கரைக்கும் விதம். ஒரு லிட்டருக்கு டைஹைட்ரேட் 66 கிராம், நீரற்றது என்றால் 50 கிராம். ஆர்ஓ தண்ணீர் முக்கால் லிட்டரை முதலில் பிளாஸ்டிக் ஜாடியில் எடுத்து, அதில் வில்லைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். பொடியின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, நன்றாகச் சூடேறும், நீரற்றது என்றால் ஜாடியைப் பிடிக்க முடியாத அளவுக்கு. ஆறியதும் ஒரு லிட்டராக நிரப்புங்கள். இதில் மில்லிக்கு 18 மில்லிகிராம் கால்சியம்.

இந்தக் கரைசல்தான் பாக்கெட்டின் குணத்தைக் காட்டும். நல்ல சரக்கு என்றால் சிறிது நேரத்தில் தெளிந்துவிடும். ஒரு தடவை ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த ஒரு கிலோவைக் கரைத்தேன், மோர் மாதிரி ஆனது, மறுநாள் காலை வரை விட்டுப் பார்த்தேன், அடியில் அரை அங்குலம் வெள்ளை வண்டல், அதில் வினிகர் விட்டால் புஸ் என்று நுரைத்தது. சுண்ணாம்புப் பொடி கலந்திருக்கிறார்கள். விற்றவர் "குலுக்கிப் பயன்படுத்துங்க பாஸ்" என்று பதில் போட்டார்.

தெளிந்தாலும் இரண்டு சோதனை செய்துவிடுங்கள். கரைசலில் 2 மில்லி எடுத்து, ஆர்ஓ தண்ணீர் சேர்த்து 100 மில்லியாக்கி, உங்கள் கால்சியம் கிட்டில் பாருங்கள். ஏறத்தாழ 360 வர வேண்டும். 280 வந்தால் பாக்கெட் ஏற்கனவே ஈரம் குடித்திருக்கிறது, அளவை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். அதே நீர்த்த தண்ணீரில் அம்மோனியா சோதனை ஒன்று. நிறம் மாறினால் பாத்ரூமில் ஊற்றிவிட்டு வேறு வாங்குங்கள். கன உலோகத்தை வீட்டு கிட்டில் பிடிக்க முடியாது, அதற்குத்தான் அந்தச் சான்றிதழ்.

கணக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன். மூன்றடி டேங்க், 90க்கு 45க்கு 45 சென்டிமீட்டர், கொள்ளளவு 182 லிட்டர். பாறை, மணல், மேலே விட்ட இடம் போக நிஜத் தண்ணீர் சுமார் 150 லிட்டர். கால்சியம் 370, வேண்டியது 420. ஐம்பது பிபிஎம்மை 150ஆல் பெருக்கினால் 7500 மில்லிகிராம். மில்லிக்கு 18 என்றால் கிட்டத்தட்ட 420 மில்லி கரைசல். ஒரே நாளில் ஊற்ற வேண்டாம், மூன்று நாளாகப் பிரித்து, நாளுக்கு 140 மில்லி, நீரோட்டம் பலமாக உள்ள இடத்தில், சொட்டுச் சொட்டாக. நாளுக்கு 20 பிபிஎம்முக்கு மேல் நான் ஏற்றுவதில்லை.

இது விட்டதைப் பிடிக்கும் வேலை. அப்புறம் தினப்படிக்கு, கால்சியம் குளோரைடுக்கு ஜோடியாக ஆல்கலினிட்டியும் போக வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று ஏறி ஒன்று விழும். ஜோடி யார் தெரியுமா, நம் ஆப்பசோடா. சோடியம் பைகார்பனேட் ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீருக்கு 79 கிராம், இன்னொரு பாட்டிலில். குளோரைடும் பைகார்பனேட்டும் சேர்ந்த இந்த இரட்டைப் பாட்டில் முறையை ஜெர்மன்காரர் ஹான்ஸ்-வெர்னர் பாலிங் பெயரில் பாலிங் முறை என்பார்கள். அமெரிக்க வேதியியலாளர் ராண்டி ஹோம்ஸ்-ஃபார்லியும் வீட்டில் கலக்கும் அளவுகளை எழுதியிருக்கிறார். மேலே சொன்ன 150 லிட்டர் டேங்கில் இரண்டிலும் 50 மில்லி போட்டால் கால்சியம் 6 பிபிஎம், ஆல்கலினிட்டி 0.9 டிகேஎச் பக்கம் ஏறும். கேக் சாமான் கடையில் வாங்கும்போது மட்டும் கவனம்: வேண்டியது சோடா பைகார்பனேட், பேக்கிங் பவுடர் அல்ல. பேக்கிங் பவுடரில் மாவும் பாஸ்பேட்டும் இருக்கும், டப்பாக்கள் அடுத்தடுத்து அடுக்கியிருக்கும், இரண்டிலும் மலாயில் "பெனாய்க்", அதாவது மாவை எழும்பச் செய்வது, என்று எழுதியிருக்கலாம்.

இரண்டு பாட்டிலையும் அடுத்தடுத்து ஊற்றாதீர்கள். புதிதில் நான் அவசரத்தில் ஒரே கையில் இரண்டையும் ஊற்றிவிட்டு வேலைக்குக் கிளம்பினேன், கதவைப் பூட்டும் முன் திரும்பிப் பார்த்தால் டேங்க் முழுக்கப் பால். கரைந்திருந்த கால்சியம் கார்பனேட்டாகிப் பொடிந்துவிட்டது, ஊற்றிய காசு மணலில். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கணக்கில் போடும்போது மிஞ்சுவது சோடியம் குளோரைடு, அதாவது சாதா உப்பு, அதனால் உப்பின் அளவு மெல்ல ஏறும். தண்ணீர் மாற்றுவதை நிறுத்தாதவருக்கு அது பிரச்சினையில்லை.

சரி, சுண்ணாம்புக்கு வருவோம். கால்க்வாசரின் அழகு, கால்சியமும் ஆல்கலினிட்டியும் சரியான விகிதத்தில் சேர்ந்தே வரும், குளோரைடு மிச்சம் கிடையாது. ஒரு லிட்டரில் ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல்தான் கரையும், சூடான தண்ணீரில் இன்னும் குறைவு, எனவே நாம் வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். 150 லிட்டர் டேங்குக்குத் தெளிந்த கால்க் ஒரு லிட்டர் போனால் கால்சியம் 5 பிபிஎம், ஆல்கலினிட்டி முக்கால் டிகேஎச். ஆவியாகும் தண்ணீருக்குப் பதிலாக இதை இரவில் சொட்ட விடலாம். தெளிந்ததை மட்டும் எடுங்கள். உலோக அசுத்தம் பெரும்பாலும் அடியில் தங்கும் சேற்றில்தான் இருக்கும், அதைக் கலக்கிவிடாதீர்கள். உணவுத் தரம் வாங்குங்கள், கட்டடத்துக்கு வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு வேண்டாம்.

ஆனால் அதன் பிஎச் 12க்கு மேல். தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, உடனே நிறையத் தண்ணீரில் நெடுநேரம் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் பொடியைத் திறக்காதீர்கள், ஃபேனை நிறுத்திவிட்டுத் திறங்கள். ஆவியான தண்ணீரை மிதவை இறங்கியதும் பம்ப் வைத்து நிரப்பும் தானியங்கி டாப்-அப் வைத்திருப்பவர்கள் கால்க்கை ஒரு பெரிய டிரம்மில் நிரப்பி விடாதீர்கள். மிதவையின் மேல் ஒரு நத்தை ஏறி உட்கார்ந்தால் போதும், பம்ப் நிற்காது, இரவோடிரவாக டிரம் முழுவதும் டேங்குக்குள். டேங்கின் பிஎச்சை அபாயமாக ஏற்ற முடியாத அளவுக்குச் சின்ன டிரம் போதும். தப்பித் தவறி கூடப் போய்விட்டால் ஜன்னலைத் திறந்து காற்றுக்கல்லைப் போட்டு நன்றாகக் காற்று ஓட விடுங்கள், காற்றிலுள்ள கரியமில வாயு பிஎச்சை இறக்கும், அப்புறம் தண்ணீர் மாற்றுங்கள்.

பாட்டில் விஷயம் ஒன்று பாக்கி. கரைசல் எல்லாமே தண்ணீர் மாதிரிதான் தெரியும். மினரல் வாட்டர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், குடிக்கும் பாட்டில் வடிவமே வேண்டாம். மருந்துக் கேன் அல்லது வாய் குறுகிய வெள்ளை ஜாடி வாங்கி, பெயர், கரைத்த தேதி, ஒரு மில்லிக்கு எத்தனை மில்லிகிராம், "குடிக்காதே" நான்கையும் மார்க்கரில் எழுதி டேப் ஒட்டுங்கள். வீட்டில் வேலைக்கு வரும் அக்கா தமிழ் வாசிக்க மாட்டார் என்றால் மலாயிலும் எழுதுங்கள். என் வீட்டில் குளோரைடு ஜாடிக்குச் சிவப்பு மூடி, சோடாவுக்கு நீலம். அளக்கும் சிரிஞ்சையும் அந்தந்த நிற நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், தூக்கக் கலக்கத்தில் கை மாறாமல் இருக்க.